பக்கம் மாறும் நாளை நினைத்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்: டெர்மினலில் எச்டிஎம்எல் பிரித்தெடுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

வலைப்பக்கத்தில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு சின்னத் துண்டுதான். ஒரு அட்டவணையின் இரண்டாவது நெடுவரிசை, அறிவிப்புப் பட்டியலின் முதல் வரி, ஒரு பொருளின் விலை. அதற்காகத் தினமும் உலாவியைத் திறப்பதற்குப் பதில் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளையாக எழுதி வைத்தால், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிடலாம், இன்னொரு நிரலுக்கும் கொடுக்கலாம். கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. கிரெப், எக்ஸ்எம்எல்லின்ட், பப், எச்டிஎம்எல்கியூ, சைடெல், பைத்தானின் பியூட்டிஃபுல் சூப், ஹெட்லெஸ் குரோம் என்று வரிசை நீள்கிறது.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எது சுலபம், எது வேகம் என்று பார்க்கிறார்கள். எதில் எழுதினாலும் முதல் கட்டளை அரை மணி நேரத்தில் ஓடிவிடும், வேகத்தில் இருக்கும் வித்தியாசமும் ஒரு பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. நான் பார்ப்பது வேறு: அந்தத் தளத்தை வடிவமைப்பவர் ஒரு கிளாஸ் பெயரை மாற்றிய நாளில் இந்தக் கருவி என்ன செய்யும்? பிழை என்று சொல்லி நிற்குமா, அல்லது வெற்று வெளியீட்டைக் கொடுத்துவிட்டு வெற்றி என்று முடித்துக்கொள்ளுமா? தேர்வு அறிவிப்பு வந்ததா என்று பார்க்கும் ஸ்க்ரிப்ட் ஒன்று மாதக்கணக்கில் “புதிதாக ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையிலேயே ஒன்றும் வரவில்லையா, துண்டைச் சுட்டும் செலக்டர் செத்துவிட்டதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவுகோலில்தான் கருவிகளை வைத்துப் பார்க்கிறேன்.

சோதிக்க எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு பக்கம் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டு மாவட்டங்களின் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு மொத்தம் 38. விடை எத்தனை வரி வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த பக்கம் இந்த வேலைக்கு ரொம்ப வசதி.

முதலில், தரவு அங்கே இருக்கிறதா?

கருவியைத் தேடும் முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலாவியில் ‘இன்ஸ்பெக்ட்’ காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகுள்ள மரம். டெர்மினலில் பக்கத்தை இறக்கும் கர்ல் கட்டளை கொண்டுவருவது சர்வர் அனுப்பிய மூல உரை மட்டும். இரண்டும் ஒன்றல்ல. கர்ல் வெளியீட்டை, உரையில் சொல் தேடும் கிரெப்புக்குக் கொடுத்து, பக்கத்தில் கண்ணில் படும் ஒரு சொல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் கீழே சொல்லும் எந்தக் கருவியும் வேலை செய்யும். இல்லையென்றால் எந்த எச்டிஎம்எல் கருவியாலும் பயனில்லை.

இல்லாதபோது நேராக, திரையில்லாமல் ஓடும் ஹெட்லெஸ் உலாவிக்குத் தாவிவிட வேண்டாம். டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றினால், அந்தத் தரவு பல சமயம் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் தனியே வந்து இறங்குவது தெரியும். அந்தக் கோரிக்கையின் மேல் வலது சொடுக்கி, கர்ல் கட்டளையாக நகலெடுக்கும் வசதியைப் பயன்படுத்தி டெர்மினலில் ஒட்டி, ஜேசனைப் பிரிக்கும் ஜேகியூவுக்குப் பைப் செய்தால் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கொடுத்தால்) முடிந்தது. எச்டிஎம்எல்லைத் தொடவே வேண்டியதில்லை. ஜேகியூவில் ‘எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்றே ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டால் கடைசி விடை நல் (null) அல்லது ஃபால்ஸ் (false) ஆக இருக்கும்போது தோல்விக் குறியீட்டோடு வெளியேறும். என் அளவுகோலில் இதற்கு முதல் மதிப்பெண்.

சில பக்கங்களில் ஜேசன் மூல உரைக்குள்ளேயே ஒரு ஸ்க்ரிப்ட் டேகில் உட்கார்ந்திருக்கும். தேடுபொறிகளுக்காகச் செய்தித் தளங்களும் கடைத் தளங்களும் வைக்கும் ஜேசன்-எல்டி அப்படிப்பட்டது. தலைப்பு, தேதி, விலை எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும். வடிவமைப்பு மாறும்போதும் இது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஆர்எஸ்எஸ் ஓடை இருந்தால் இன்னும் நல்லது. நம் விக்கிப்பீடியா உதாரணத்துக்கும் மீடியாவிக்கி ஏபிஐ இருக்கிறது, விக்கித்தரவு இருக்கிறது. நிஜ வேலையென்றால் நான் அங்கேதான் முதலில் போவேன். இங்கே கருவிகளைப் பார்ப்பதற்காக எச்டிஎம்எல்லிலேயே தொடர்கிறேன்.

கர்ல் தரும் பொய்யான வெற்றி

டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்ட கர்ல் இல்லாத கணினியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அதன் இயல்பான நடத்தையில் ஒரு கண்ணி உண்டு. சர்வர் 404 என்று சொன்னாலும், 500 என்று சொன்னாலும், அந்தப் பிழைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லை வாங்கிக் கொடுத்துவிட்டு, வெற்றியைக் குறிக்கும் 0 என்ற முடிவுக் குறியீட்டோடு முடியும். கர்லைப் பொறுத்தவரை பக்கம் வந்துசேர்ந்தது, அவ்வளவுதான். ‘ஃபெயில்’ ஆப்ஷனைச் சேர்த்தால் இப்படிப்பட்ட பதில்களுக்கு 22 என்ற குறியீட்டோடு வெளியேறும். திசைமாற்றத்தைப் பின்தொடரும் ‘லொகேஷன்’ ஆப்ஷனும் கூடவே வேண்டும்.

அதோடு முடியவில்லை. பாஷ் ஷெல்லில் பைப் போட்டால் மொத்தக் கட்டளையின் முடிவுக் குறியீடு கடைசிக் கட்டளையுடையது. கர்ல் 22 என்று கத்தினாலும், பைப்பின் கடைசியில் நிற்கும் கருவி 0 என்றால் ஸ்க்ரிப்டுக்கு எல்லாம் நலம். ஸ்க்ரிப்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கிவிடுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் மேலே எந்தக் கருவியைப் போட்டாலும் அடித்தளம் ஓட்டையாகத்தான் இருக்கும்.

விக்கிமீடியா தளங்கள், தானியங்கி நிரல்கள் தங்களை அடையாளம் சொல்லும் யூசர்-ஏஜென்ட் சரத்தோடு வரவேண்டும் என்று கொள்கையாகவே கேட்கின்றன. நிரலின் பெயரும் தொடர்புகொள்ள ஒரு வழியும் அதில் இருக்கட்டும்.

கிரெப், செட்: எங்கே சரி, எங்கே கூடாது

எச்டிஎம்எல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துக்கோலத்தை வைத்துத் தேடும் முறையால்) பிரிக்காதே என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. காரணம் தெரிந்தால்தான் விலக்குகளும் தெரியும். கிரெப் வரி வரியாகப் பார்க்கிறது, எச்டிஎம்எல்லுக்கு வரி என்பதே ஒரு பொருட்டல்ல. ஒரே டேக் மூன்று வரிகளில் உடைந்திருக்கலாம். அல்லது சுருக்கப்பட்ட பக்கத்தில் எல்லாமே ஒரே வரியில் இருக்கலாம், அப்போது கிரெப் முழுப் பக்கத்தையும் திரையில் கொட்டும். ஆட்ரிபியூட்டுகளின் வரிசை மாறலாம், இரட்டை மேற்கோள் ஒற்றையாகலாம். உலாவிக்கு இவையெல்லாம் ஒன்றுதான், கிரெப்புக்கு ஒவ்வொன்றும் வேறு.

ஆனால் கிரெப் எதுவும் கிடைக்காவிட்டால் 1 என்று சொல்லி வெளியேறும். பல நவீனக் கருவிகளிடம் இந்த நேர்மை இல்லை. ஆகவே “இந்தச் சொல் பக்கத்தில் இருக்கிறதா” என்ற காவல் வேலைக்கும், தளவரைபடக் கோப்பிலிருந்து முகவரிகளை உருவுவதற்கும் நான் தயங்காமல் கிரெப்பை எடுப்பேன். அட்டவணைக்குக் கூடாது.

எக்ஸ்எம்எல்லின்ட்

லிப்எக்ஸ்எம்எல்2 நூலகத்தோடு வருவது. மேக்கில் ஏற்கெனவே இருக்கிறது, டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்எக்ஸ்எம்எல்2-யூட்டில்ஸ் என்ற பொதியில் கிடைக்கும். புதிதாக ஒன்றும் நிறுவ அனுமதியில்லாத அலுவலக சர்வரில் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கும். எச்டிஎம்எல் ஆப்ஷனோடு எக்ஸ்பாத் ஆப்ஷனைக் கொடுத்தால் போதும்.

எச்டிஎம்எல் மரத்தில் ஓரிடத்தைச் சுட்டும் மொழியான எக்ஸ்பாத்தின் பலம் உறவுகளைச் சொல்வதில் இருக்கிறது. மாவட்டக் கட்டுரையின் தகவல்பெட்டியில் ‘பரப்பளவு’ என்ற தலைப்புக் கட்டத்தைக் கண்டுபிடித்து அதற்கு அடுத்த கட்டத்தைக் கொடு என்று கேட்கலாம். அந்தக் கட்டத்துக்கு ஐடி, கிளாஸ் எதுவும் இருக்கத் தேவையில்லை. தரநிலையிலுள்ள சிஎஸ்எஸ் செலக்டரில் உள்ளே இருக்கும் உரையை வைத்துத் தேட வழியே இல்லை. வடிவமைப்பாளர் கிளாஸ் பெயரை மாற்றலாம், ‘பரப்பளவு’ என்ற தலைப்பை மாற்ற அவருக்குக் காரணம் இருக்காது. அதனால் உரையை நங்கூரமாகப் பிடிக்கும் எக்ஸ்பாத் கட்டளைகளுக்கு ஆயுள் அதிகம்.

ஒன்றும் பொருந்தாவிட்டால் இக்கருவி ‘எக்ஸ்பாத் தொகுதி காலி’ என்று பிழை வழியில் எழுதிவிட்டு, சுழியமல்லாத குறியீட்டோடு வெளியேறும். இதற்காகவே இதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த நல்ல குணத்தை நாமே கெடுத்துக்கொள்ளும் ஓரிடம் இருக்கிறது. உரையை மட்டும் பெறுவதற்காக எக்ஸ்பாத்தை ‘ஸ்டிரிங்’ ஃபங்ஷனுக்குள் போடுவோம். காலித் தொகுதிக்கு ‘ஸ்டிரிங்’ தரும் விடை வெற்றுச் சரம், அது முறையான விடைதான். எனவே குறியீடு 0. அதே ஃபங்ஷன் பொருந்தியவற்றில் முதல் ஒன்றை மட்டுமே தரும் என்பதும் நினைவிருக்கட்டும். 38 மாவட்டம் கேட்டால் ஒன்று வரும்.

எச்டிஎம்எல்4 காலத்துப் பார்சர் (பக்கத்தைப் பிரித்து மரமாக்கும் பகுதி) என்பதால் நேவ், செக்ஷன் போன்ற டேகுகளைப் பார்த்தால் ‘செல்லாத டேக்’ என்று பக்கம் பக்கமாகப் புலம்பும், ஆனாலும் பிரித்துவிடும். 2025இல் வந்த 2.14 பதிப்பிலிருந்து எச்டிஎம்எல்5 விதிப்படி டோக்கன்களைப் பிரிக்கிறது, ஆனால் சர்வர்களில் இருப்பவை பெரும்பாலும் பழைய பதிப்புகள். இன்னொன்று: உலாவியில் வலது சொடுக்கி நகலெடுக்கும் எக்ஸ்பாத்தில் டேபிளுக்கு அடுத்து டிபாடி என்ற டேக் இருக்கும். மூலத்தில் அது இல்லாவிட்டாலும் உலாவி தானாகச் செருகிக்கொள்ளும். லிப்எக்ஸ்எம்எல்2 செருகாது. “உலாவியில் வேலை செய்கிறது, டெர்மினலில் காலியாக வருகிறது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்த டிபாடியைத்தான். டேபிளுக்கும் வரிசைக்கும் நடுவில் ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பதில் இரட்டைச் சாய்கோடு போட்டால் இரண்டு இடத்திலும் பொருந்தும்.

பப், எச்டிஎம்எல்கியூ

சிஎஸ்எஸ் தெரிந்தவர்களுக்கு எக்ஸ்பாத் கற்கும் பொறுமை இருக்காது. அவர்களுக்கு இந்த இரண்டும். எரிக் சியாங் கோ மொழியில் எழுதி 2014இல் வெளிவந்த பப், ஜேகியூவைப் பார்த்து உருவானது. மைக்கேல் மெக்லீன் ரஸ்டில் எழுதிய எச்டிஎம்எல்கியூ அதற்குப் பின்னால் வந்தது. இரண்டும் உலாவிகளைப் போலவே எச்டிஎம்எல்5 முறையில் பிரிப்பதால் மேலே சொன்ன டிபாடிச் சிக்கல் வராது.

மாவட்ட அட்டவணையில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பப்பில் உரை வடிகட்டி ஒவ்வொரு உரைக்கணுவையும் தனி வரியில் அச்சிடும். ஒரு கட்டத்தில் இணைப்புக்குள் ‘சென்னை’யும், அதற்குப் பின்னால் அடிக்குறிப்பு எண்ணும் இருந்தால் அது இரண்டு மூன்று வரிகளாகிவிடும். 38 வரிகளுக்குப் பதில் எத்தனையோ வரும், எந்த வரி எந்த மாவட்டத்துடையது என்று கலந்துபோகும். எச்டிஎம்எல்கியூ ஒரு கட்டத்தின் உரையைச் சேர்த்து ஒரே துண்டாகக் கொடுக்கிறது. அடிக்குறிப்பு எண்களை முதலிலேயே வெட்டிவிட ‘ரிமூவ் நோட்ஸ்’ (remove-nodes) ஆப்ஷனில் sup என்ற மேலெழுத்து டேகைக் கொடுத்தால் போதும். விக்கிப்பீடியாவோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு ஆப்ஷனுக்காகவே நான் எச்டிஎம்எல்கியூவைச் சொல்வேன்.

பப் பக்கமும் நியாயம் உண்டு. அதில் ‘கன்டெய்ன்ஸ்’ என்ற, சிஎஸ்எஸ் தரநிலையில் இல்லாத ஒரு செலக்டர் இருக்கிறது. ‘பரப்பளவு’க்கு அடுத்த கட்டத்தை அதை வைத்துப் பிடித்துவிடலாம். எச்டிஎம்எல்கியூவில் அது முடியாது. பொருந்திய மரத்தை அப்படியே ஜேசனாக மாற்றித் தரும் வசதியும் பப்பில்தான். ஆனால் அதன் கடைசி வெளியீடு 2016இல் வந்த 0.4. அதை நம்பிப் புதிதாக ஒன்றைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டுக்கும் பொதுவான குறை என் அளவுகோலில் பெரியது: ஒன்றும் பொருந்தாவிட்டாலும் வெற்று வெளியீடு, குறியீடு 0. கையால் ஓட்டி, கண்ணால் பார்த்து, நகலெடுத்துக்கொள்ளும் வேலைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கிரானில் போடுவதென்றால் வெளியீட்டை இன்னொரு கிரெப் வழியாக அனுப்பி, குறைந்தது ஒரு எழுத்தாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

டபிள்யூ3சி-யின் எச்டிஎம்எல்-எக்ஸ்எம்எல்-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள எச்எக்ஸ்செலக்ட்டும் இதே குடும்பம், எழுதியவர் சிஎஸ்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான பெர்ட் போஸ். ஒழுங்கான எக்ஸ்எம்எல்லைத்தான் எதிர்பார்க்கும் என்பதால் எச்எக்ஸ்நார்மலைஸ் வழியாக அனுப்பிய பிறகே கொடுக்க வேண்டும். எச்டிஎம்எல்கியூ நிறுவ முடிந்த இடத்தில் இதற்குத் தேவையில்லை.

சைடெல்

இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம்தான். பெனிட்டோ ஃபான் டெர் சாண்டர் பாஸ்கலில் எழுதிய கருவி. பக்கத்தைத் தானே இறக்கும், இணைப்புகளைப் பின்தொடரும், சிஎஸ்எஸ் செலக்டரும் ஏற்கும். எக்ஸ்எம்எல்லின்ட் 1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0-உடன் நின்றுவிட்டது. சைடெல் எக்ஸ்பாத் 3, அதன் விரிவான எக்ஸ்க்வெரி வரை புரிந்துகொள்கிறது.

இந்த வித்தியாசம் அட்டவணையில் தெரியும். 1.0-இல் ஒவ்வொரு வரிசைக்கும் கட்டங்களை டேப்பால் இணைத்து ஒரு வரி கொடு என்று ஒரே கோவையில் சொல்ல முடியாது. 2.0-க்கு மேல் வரிசையைப் பிடித்து, அதன்மேல் ‘ஸ்டிரிங்-ஜாயின்’ போட்டால் பெயர், தலைநகரம், பரப்பளவு என்று டேப் பிரித்த 38 வரிகள் வந்துவிடும். அதே கோவைக்குள் வரிசைகளை எண்ணி, 38க்குக் குறைந்தால் ‘எரர்’ ஃபங்ஷனைக் கூப்பிடு என்றும் எழுதலாம். எதிர்பார்ப்பை உரக்கச் சொல்லும் வசதி கோவைக்குள்ளேயே இருப்பது ஒருவரிக் கருவிகளில் அரிது.

எக்ஸ்க்வெரி தெரியாத சக ஊழியர் அந்தக் கோவையைப் பிறகு திருத்த முடியாது என்பதுதான் இதன் விலை. தனியாக வேலை செய்கிறவருக்கு அது பொருட்டல்ல.

தமிழ் எழுத்தில் மட்டும் வரும் சிக்கல்கள்

ஆங்கிலப் பக்கங்களை வைத்து எழுதிய வழிகாட்டிகளில் இவை இருக்காது. விக்கிப்பீடியா இணைப்புகளின் முகவரியை எடுத்தால் தமிழ் எழுத்து வராது, விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வால்தான் வரும். ‘தமிழ்’ என்ற சொல் யூனிக்கோடில் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 15 பைட், முகவரியில் குறியாக்கம் ஆகும்போது 45 எழுத்து. மாவட்டப் பெயர் வேண்டுமென்றால் முகவரி இருக்கும் எச்ரெஃப்பை விட்டுவிட்டு டைட்டில் ஆட்ரிபியூட்டை எடுங்கள், அங்கே தமிழிலேயே இருக்கும்.

இதைவிட நயவஞ்சகமானது ஒகரம், ஓகாரம், ஔகாரம். ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. பக்கம் இரண்டு குறியீடாக வைத்திருக்க, நீங்கள் ஒன்றாகத் தட்டினால் ‘கோயம்புத்தூர்’ என்று தேடும் எக்ஸ்பாத்தும் கிரெப்பும் வெறுங்கையோடு திரும்பும். மீடியாவிக்கி எல்லாவற்றையும், ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவதால் விக்கிப்பீடியாவில் இது வராது. மற்ற தளங்களில் வரும். யூனிக்கோடு நூலகமான ஐசியூ தொகுப்பின் யூகான்வ் கருவியில் என்எஃப்சி மாற்றத்தைக் கொடுத்து, பைப்பில் பார்சருக்கு முன்னால் வைத்துவிடுங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக்குறியாக்கம் சொல்லப்படாவிட்டால் பழைய லிப்எக்ஸ்எம்எல்2 அதை லத்தீன்-1 என்று எடுத்துக்கொண்டு தமிழைக் குப்பையாக்கும். எக்ஸ்எம்எல்லின்ட்டில் ‘என்கோட்’ ஆப்ஷன் வெளியீட்டுக்கானது, உள்ளீட்டை அது சரிசெய்யாது. மெட்டா டேக் ஒன்றை முன்னால் ஒட்டி அனுப்புவது எளிய தீர்வு. யூனிக்கோடுக்கு முந்தைய டிஸ்கி (TSCII) குறியாக்கக் காலத்துப் பழைய தமிழ்ப் பக்கங்கள் என்றால், லினக்ஸில் குளிப்சி (glibc) நூலகத்தின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், முதலில் அதன்வழி யூடிஎஃப்-8 ஆக்கிக்கொள்ளலாம்.

பைத்தானுக்குப் போகும் நேரம்

லெனார்ட் ரிச்சர்ட்சன் 2004இல் தொடங்கிய பியூட்டிஃபுல் சூப் ஒருவரிக் கட்டளை அல்ல, ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமுண்டு. அதில் ‘செலக்ட்-ஒன்’ எதையும் காணாவிட்டால் நன் (None) என்ற மதிப்பைத் தரும். அதனிடம் உரையைக் கேட்ட அந்த நொடியே நிரல் ஆட்ரிபியூட் பிழையோடு விழுந்துவிடும். பலர் இதைத் தொல்லை என்று நினைத்து டிரை-எக்ஸெப்ட் போட்டு மூடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டிய எச்சரிக்கை. ‘செலக்ட்’ மட்டும் வெற்றுப் பட்டியலைத் தரும், அதன்மேல் லூப் ஓடினால் ஒன்றும் நடக்காமல் அமைதியாக முடியும். அங்கே நீளத்தைச் சோதிக்க ஒரு அசெர்ட் வரி எழுதிவிடுங்கள்.

வேண்டியது அட்டவணை மட்டும் என்றால் பாண்டாஸின் ‘ரீட்-எச்டிஎம்எல்’ எல்லாவற்றையும் விடச் சிறந்தது. ஒரு கட்டம் பல வரிசைகளுக்குப் பரவியிருந்தால் மேலே சொன்ன டெர்மினல் கருவிகளில் நெடுவரிசைகள் நழுவும். பாண்டாஸ் அதை நிரவிக் கொடுக்கும். அட்டவணையே இல்லையென்றால் பிழை எழுப்பும்.

ஹெட்லெஸ் குரோம் கடைசி வழி. டம்ப்-டாம் ஆப்ஷனோடு ஓட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் முடித்த மரத்தை எச்டிஎம்எல்லாக அச்சிடும், அதை எச்டிஎம்எல்கியூவுக்குப் பைப் செய்யலாம். ஆனால் தரவு வந்து சேர்வதற்கு முன்பே அச்சிட்டுவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அப்போது ஒருநாள் வரும், ஒருநாள் வராது. குறிப்பிட்ட எலிமென்ட் தோன்றும்வரை காத்திருந்து, குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் பிழை சொல்லும்படி, உலாவியை இயக்கும் பிளேரைட்டில் எழுதுவதே இந்த நிலையில் சரி.

எதை எடுப்பது

ஒரு தடவைக்கு மட்டும், கண்ணால் பார்த்து எடுப்பதென்றால் எச்டிஎம்எல்கியூ. எதையும் நிறுவ முடியாத சர்வரில் எக்ஸ்எம்எல்லின்ட், ‘ஸ்டிரிங்’ போடும் முன் ‘கவுன்ட்’ போட்டு எண்ணிக்கையைச் சோதித்துக்கொண்டு. பல பக்கங்களைப் பின்தொடர்ந்து, வரிசை வரிசையாக நெடுவரிசைகளைச் சேர்க்கும் வேலைக்குச் சைடெல். கிரானில் மாதக்கணக்கில் ஓட வேண்டியது, வேறொருவர் கையிலும் போகப்போவது என்றால் முதல் நாளே பைத்தான். பப்பை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, புதிதாக நிறுவ நான் சொல்ல மாட்டேன்.

எந்தக் கருவியானாலும் கிரானில் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்தை ஒரு கோப்பில் சேமித்து, உரையை மாற்றும் செட் (sed) கட்டளையால் அந்தக் கிளாஸ் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, ஸ்க்ரிப்டை அந்தக் கோப்பின்மேல் ஓட்டி, முடிவுக் குறியீட்டை எக்கோ செய்து பாருங்கள். அது 0 என்றால் ஸ்க்ரிப்ட் இன்னும் தயாராகவில்லை.